பழைய கார் எஞ்சின் திணறுவதேன்?

பெங்களூர்ச் சாலைகளில் அம்பாசிடர், பியட் 1100 போன்ற பழைய கார்களை இன்றும் காணலாம். அவற்றுள் ஒன்று மேட்டில் ஏறும்போது திணறுமாயின், எஞ்சினைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். இது வீண் செலவாக முடிவதுண்டு. கிடைத்தற்கரிய உறுப்புகள் பழுதுபடவும் கூடும். குறை எங்குள்ளது என்பதை உரைக்க எஞ்சினிலேயே ஒரு சாட்சி உண்டு. அது ஸ்பார்க் பிளக்.

ஒரு கிலோகிராம் பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறத்தாழ 14.7 கிலோகிராம் காற்று தேவை. இவ்விகிதத்தைக் காப்பது கார்புரேட்டரின் பணி. பெட்ரோல் மிகுந்தால் பிளக்கின் முனையில் கரி படியும். குறைந்தால் முனை வெளுக்கும். அளவு சரியாயின் இளம்பழுப்பு நிறம் தோன்றும்.

பெங்களூரில் இவ்விகிதத்தை இரு காரணங்கள் மாற்றுகின்றன. முதலாவது, உயரம். நகரம் கடல் மட்டத்திற்குச் சுமார் 920 மீட்டர் மேலே உள்ளது. அங்குக் காற்றழுத்தம் சென்னையில் உள்ளதைவிட ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. ஆகவே கார்புரேட்டர் உள்ள எஞ்சின் அங்குச் சற்று வலிமை குன்றியே இயங்கும், இது பழுதன்று. ஆயின் சென்னையில் சரிசெய்யப்பட்ட கார்புரேட்டர், காற்று குறைந்த அளவிற்குப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. எனவே பெட்ரோல் மிகுகிறது.

இரண்டாவது, எத்தனால். 2025-ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியது. ஆக்சிஜனைத் தன்னுள் கொண்ட எத்தனால், கிலோகிராமுக்குச் சுமார் 9 கிலோகிராம் காற்றிலேயே எரிந்துவிடும். ஆதலால் பழைய அளவில் பாயும் எரிபொருளுக்குக் காற்று மிகுதியாகிறது. உயரம் ஒருபுறமும் எத்தனால் மறுபுறமும் இழுப்பதால், கைப்பழக்கத்தால் திருகாணியைத் திருப்புதல் தகாது. வண்டியைச் சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் பிளக்கின் நிறத்தைக் கண்டே திருத்தவேண்டும்.

சோதனைக்கு முறையான வரிசை உண்டு. முதலில் மின்பொறி: அது மங்கலாயின் டிஸ்டிரிபியூட்டரின் பாயிண்ட் இடைவெளியையும் கண்டென்சரையும் கவனிக்க. அடுத்து எரிபொருள்: சமதரையில் நன்கு ஓடி மேட்டில் மட்டும் திணறினால், பெட்ரோல் போதிய அளவு வரவில்லை என்று ஐயுறலாம். எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களை உப்பச் செய்யும். தொட்டியில் படிந்த பிசினைக் கரைத்து வடிகட்டியை அடைக்கும்.

இவை சீராயிருந்தும் குறை நீங்காவிடில் மட்டுமே சிலிண்டர்களின் அழுத்தத்தைக் கருவியால் அளக்கவேண்டும். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் சிறிது எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தால், அது உயருமாயின் தேய்மானம் பிஸ்டன் வளையங்களில். உயராவிடின் பெரும்பாலும் வால்வுகளில். ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது முதல், பழைய எஞ்சின்களில் வால்வு அமரும் இடங்கள் விரைந்து தேய்வதுண்டு.

இவ்வரிசை முடிந்தபின் எஞ்சினைப் பிரிப்பவர், எதைத் தேடிப் பிரிக்கிறோம் என்பதை அறிந்தே பிரிப்பார்.