சிங்கப்பூர் – நியூயார்க்: டிக்கெட்டில் ஆறரை மணி, உடம்புக்குப் பதினெட்டரை மணி

இந்த வாரம் ஒரு நேயர் அனுப்பின கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கலாம். அவங்க அப்பா சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போறார். இன்சுலின் போட்டுக்கிறவர். டிக்கெட்டில் இரவு 11.30-க்குக் கிளம்பி மறுநாள் காலை 6 மணிக்கு இறங்குறதா இருக்கு. "ஆறரை மணி நேரம்தானே, ஒரு தூக்கம் போட்டா வந்துடும்"னு சொல்றாராம். அது சரியா?

சரியில்லை. ஏன்னு புரிய, முதல்ல தூரத்தைப் பார்ப்போம்.

சிங்கப்பூர் 104 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கு. நியூயார்க் 74 டிகிரி மேற்கில். கூட்டினா 178. அதாவது, பூமி உருண்டையில் கிட்டத்தட்ட எதிரெதிர்ப் பக்கம். அதனால மிகக் குறுகிய வழி நேரா வடக்கே போய், வட துருவத்தை ஒட்டிக் கடந்து, அந்தப் பக்கம் இறங்குறதுதான். சிங்கப்பூரிலிருந்து துருவத்துக்கு சுமார் 89 டிகிரி, அங்கிருந்து நியூயார்க்குக்கு 49. மொத்தம் 138. டிகிரிக்கு 111 கி.மீ.ன்னு பெருக்கினா 15,300 கி.மீ. சொச்சம். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் 17 மணி நேரம்.

ஆனா விமானம் அந்தக் கோட்டிலேயே போகணும்னு இல்லை. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கா வீசுற ஜெட் ஸ்ட்ரீம் காற்று சில நேரம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். அது பின்னாடியிருந்து தள்ளினா, பசிபிக் வழியா 16,000 கி.மீ.க்கு மேல் சுத்திப் போனாலும் லாபம்தான். கடைசியில் பயணம் பதினெட்டரை மணி நேரத்தை ஒட்டி வரும். இதுக்குன்னே 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் விமானத்தை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018-ல் இறக்கினாங்க. எடையைக் குறைக்க 161 இருக்கைதான். எகானமி வகுப்பே கிடையாது.

அப்போ டிக்கெட்டில் ஆறரை மணி எப்படி வந்தது? இரவு 11.30-லிருந்து பதினெட்டரை மணி நேரம்னா சிங்கப்பூரில் மறுநாள் மாலை 6. கோடைகாலத்தில் நியூயார்க் 12 மணி நேரம் பின்னாடி. அங்கே காலை 6. குளிர்காலத்தில் 13 மணி நேரம் பின்னாடி. டிக்கெட்டில் போடுறது அந்தந்த ஊர் நேரம். கடிகாரம் பின்னாடி போகும். உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியாது.

அதனால அப்பாவுக்கு மூணு விஷயம் சொல்லுங்க. ஒண்ணு, "பறக்குறது பதினெட்டரை மணி நேரம், அங்கே 12 மணி நேர வித்தியாசம்"னு டாக்டர்கிட்ட சொல்லி, எந்த ஊசி எப்போன்னு எழுதி வாங்கணும். நாமளா அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. ரெண்டு, இறங்குற வரைக்கும் கைக்கடிகாரம் சிங்கப்பூர் நேரத்திலேயே இருக்கட்டும். மூணு, இன்சுலின் கைப்பையில்தான் இருக்கணும். சரக்கு அறையில் உறைஞ்சு போகலாம். நடுநடுவே எழுந்து நடக்கட்டும், நீண்ட நேரம் உட்கார்ந்தா காலில் ரத்தம் கட்டும் அபாயம் இருக்கு.