தோட்டப் பள்ளி நின்றது யார் நிலத்தில்?

"பகுதி உதவி பெறும் பள்ளின்னா என்ன சார்?" என்று மாணவர் கேட்டால், நிலத்திலிருந்து தொடங்குங்கள்.

பேராக் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில், 1923 தொழிலாளர் சட்டப்படி, 7 முதல் 14 வயதுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும். வைத்தார்கள், பல இடங்களில் பேருக்குத்தான். கிராணியோ கங்காணியோ வாத்தியாராக நின்ற பள்ளிகளும் உண்டு.

அமெரிக்காவில் 1785 நிலச் சட்டம், புதிதாக அளந்த ஒவ்வொரு நகரியத்தையும் 36 பாகமாக்கி, 16ஆம் பாகத்தைப் பள்ளிக்கென்றே ஒதுக்கியது. நம் தோட்டப் பள்ளிக்கு ஏது அப்படி? நிலம் கம்பெனியுடையது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. நிலம் கைமாறவில்லை. அதனால் பகுதி உதவிப் பள்ளியில் கட்டடம், பராமரிப்புச் செலவில் பெரும்பங்கு வாரியத்தின் தலையிலும் பெற்றோர் தலையிலும் விழுந்தது. தேர்வில் 'வறுமை' என்று ஒரே சொல்லில் முடிக்காமல் இதை எழுதுங்க.

தோட்டத்துக்கு வெளியே எழுந்த பள்ளிக்கு நம்ம பக்கமே உதாரணம் இருக்கு: சுங்கை சிப்புட்டில் துன் சம்பந்தன் முயற்சியில் 1954இல் திறந்த மகாத்மா காந்தி கலாசாலை. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் காலியாகி, ஜனங்கள் ஈப்போ பக்கம் போனபோது தோட்டப் பள்ளிகள் பல பிள்ளையில்லாமல் நின்றன. கலாசாலை இன்றும் நடக்கிறது.