களவு போன ரகசியமும் கஜானா சேரும் அபராதமும்

மனிதன் தன் வியாதியைப் பற்றி எல்லோரிடமும் பேசுவதில்லை. அடுத்த வீட்டாரிடம் மறைக்கிறான். சம்பந்தி வீட்டாரிடம் மறைக்கிறான். சில சமயம் உடன்பிறந்தாரிடமும் மறைக்கிறான். ஆனால் ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் மட்டும் அவன் எதையும் மறைக்க முடியாது. மறைத்தால், சிகிச்சைச் செலவைக் கேட்கப் போகும் நாளில் பாலிஸி செல்லாது என்று கம்பெனி கையை விரித்துவிடும். உண்மையைச் சொல்வது பாலிஸிதாரருடைய கடமை என்று சட்டம் விதித்திருக்கிறது. அப்படி வாங்கிக்கொண்ட உண்மையைப் பூட்டி வைப்பது யாருடைய கடமை? பூட்டு உடைந்துபோனால் யாருக்கு யார் என்ன கொடுக்க வேண்டும்? இவ்விரு கேள்விகளையும் இன்று சிறிது ஆராய விரும்புகிறோம்.

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. சென்னையைத் தலைமை ஸ்தலமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் கம்பெனியின் வாடிக்கைக்காரர்களைப் பற்றிய விவரங்கள், டெலிகிராம் என்னும் செய்திச் சாதனத்தில் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கின்றன என்ற செய்தி 2024 செப்டம்பரில் வெளிவந்தது. பெயர், விலாசம், டெலிபோன் எண் ஆகியவற்றோடு நிற்கவில்லை. வைத்தியப் பரிசோதனை அறிக்கைகளும் அவற்றில் இருந்தன. 3 கோடிக்கு மேற்பட்டவர்களின் விவரம் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் பறைசாற்றினான். தான் சைபர் தாக்குதலுக்கு இலக்கானதையும், 68,000 டாலர் கேட்டு மிரட்டல் வந்ததையும் கம்பெனியே பின்னர் தெரிவித்தது. சென்னை ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்து, அவ்விவரங்களைப் பரப்பக் கூடாதென்று இடைக்காலத் தடையும் பெற்றது.

கம்பெனி கோர்ட்டுக்குப் போனதை நாம் குறை கூறவில்லை. அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது. ஆனால் அவ்வழக்கின் நோக்கம் விவரங்கள் பரவாமல் தடுப்பது. பாலிஸிதாரருக்கு நஷ்ட ஈடு தேடித் தருவதன்று. அவருடைய பரிகாரத்தை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

“கம்பெனியும் திருட்டுக்கு ஆளானதுதானே, அதை ஏன் நோவது?” என்று சிலர் கேட்கலாம். அடகுக் கடையில் வைத்த நகை களவு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரரும் திருட்டுக்கு ஆளானவர்தான். அதற்காக நகைக்குடையவர் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டுமா? கடைக்காரர் கதவைச் சரியாகப் பூட்டினாரா, தம்முடைய சொந்த நகையைக் காப்பதுபோல் இதையும் காத்தாரா என்பதே கேள்வி. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆவது பிரிவு, பிறர் பொருளை வைத்துக் காப்பவனிடம் இந்த ஜாக்கிரதையைத்தான் எதிர்பார்க்கிறது. ரகசியம் நகையைவிட அருமையான பொருள். போன நகைக்குப் பதில் வேறு நகை செய்து போடலாம். களவு போன பாங்கிக் கார்டுக்கு வேறு எண் வாங்கலாம். வெளியே போன வியாதியின் பெயருக்கு மாற்று ஏது? வேலை கொடுப்பவர் அதைப் பார்க்கலாம். பெண் கொடுப்பவர் பார்க்கலாம். பாலிஸி எண்ணையும் ஆஸ்பத்திரியின் பெயரையும் பிசகாமல் சொல்லிப் பணம் பறிக்கும் மோசக்காரனும் பார்க்கலாம்.

அமெரிக்காவில் என்ன நடந்தது என்று பார்ப்போம். ஆந்தம் என்னும் பெரிய ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமிருந்து ஏறக்குறைய 7 கோடியே 88 லட்சம் பேருடைய விவரங்கள் களவு போயின. இது 2015 பிப்ரவரியில் வெளியாயிற்று. அந்நாட்டில் வைத்திய ரகசியத்தைக் காக்க 1996ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. ஆயினும் அச்சட்டத்தின்கீழ் தனி மனிதர் வழக்குத் தொடுக்க முடியாது. ஜனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஒப்பந்த மீறல், கவனக்குறைவு முதலிய பழைய சட்டக் காரணங்களைக் காட்டி, எல்லோருக்குமாகச் சேர்த்து வழக்காடினார்கள். 11 கோடியே 50 லட்சம் டாலருக்கு ஏற்பட்ட சமரசத்தைக் கலிபோர்னியாவிலுள்ள பெடரல் கோர்ட்டு 2018 ஆகஸ்டில் அங்கீகரித்தது. அதே வருஷம் அக்டோபரில் சர்க்கார் இலாகாவுக்கு 1 கோடியே 60 லட்சம் டாலர் தனியே கட்ட நேர்ந்தது. பெரிய தொகை என்று மயங்க வேண்டாம். தலைக்குப் பங்கிட்டால் ஒன்றரை டாலருக்கும் குறைவு. ஆனால் இரண்டு கணக்குகளும் வேறுவேறாக இருந்ததைக் கவனிக்க வேண்டும். சர்க்காருக்குக் கட்டியது தண்டனை. ஜனங்களுக்குக் கொடுத்தது நஷ்ட ஈடு. ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே மூன்று வாசல்கள் உண்டு.

முதலாவது, 2000ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு. அந்தரங்கமான தகவல்களை வைத்திருக்கும் கம்பெனி, நியாயமான பாதுகாப்பு முறைகளைக் கையாளாமல் கவனக்குறைவாக இருந்து, அதனால் ஒருவருக்கு நஷ்டம் நேர்ந்தால், அவருக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டுமென்று இது சொல்லுகிறது. வைத்திய விவரங்களும் இவ்வகைத் தகவல்களே என்று 2011ஆம் வருஷத்து விதிகள் தெளிவாக்குகின்றன. 5 கோடி ரூபாய் வரையுள்ள கோரிக்கைகளை விசாரிக்கும் அதிகாரம் அந்தந்த ராஜ்யத்தின் தகவல் தொழில்நுட்ப இலாகாச் செயலாளருக்கு உண்டு. இப்படி ஒரு நியாய ஸ்தலம் இருப்பதே நம்மில் பலருக்குத் தெரியாது.

இரண்டாவது, 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். இன்ஷூரன்ஸ் ஒரு சேவையென்று அச்சட்டமே கூறுகிறது. நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்துக்கு மாறாகப் பிறருக்கு வெளியிடுவது நேர்மையற்ற வியாபார முறை என்று 2ஆவது பிரிவின் 47ஆவது உட்பிரிவு சொல்லுகிறது. திருடன் எடுத்துப் போனதை வெளியிட்டதாகக் கொள்ளலாகாது என்று கம்பெனி வாதிக்கும். வாதிக்கட்டும், கவனக்குறைவு சேவைக் குறைபாடே என்றும், நுகர்வோருக்குத் தெரிய வேண்டிய விஷயத்தை வேண்டுமென்றே மறைப்பதும் சேவைக் குறைபாடே என்றும் 11ஆவது உட்பிரிவு சொல்லுகிறதே! களவு நடந்ததை அறிந்தும் பாலிஸிதாரருக்கு ஒரு வரி எழுதாத கம்பெனி அதற்கு என்ன பதில் சொல்லும்?

மூன்றாவது, 2023ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். பெயர் நீளமானது, பலனோ பாலிஸிதாரருக்கு மிகக் குறுகியது. களவு நடந்தால், விவரம் போன ஒவ்வொருவருக்கும் கம்பெனி அறிவிக்க வேண்டும் என்று இச்சட்டம் விதிப்பது நன்று. காவலில் தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பதும் நன்று. ஆனால் அபராதம் எங்கே போகிறது? இந்திய சர்க்காரின் தொகுப்பு நிதிக்குப் போய்ச் சேருகிறது. ரகசியத்தை இழந்தவருக்கு ஒரு காசு கொடுக்கவும் இச்சட்டத்தில் இடமில்லை. அவர் கொண்டுவரும் புகார் பொய்யானது அல்லது அற்பமானது என்று தோன்றினாலோ, அவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது!

இதைவிட விபரீதம் ஒன்று உண்டு. இதே சட்டத்தின் 44ஆவது பிரிவு, நாம் முதலில் சொன்ன 43-ஏ பிரிவை அடியோடு நீக்குகிறது. 2025 நவம்பரில் வெளியான அறிவிப்பு, அந்த நீக்கத்துக்கு 18 மாதத் தவணை வைத்தது. அதாவது, புதிய வீடு கட்டுவதாகச் சொல்லி, குடியிருந்த வீட்டின் கூரையைப் பிரித்துவிட்டார்கள். புதிய போர்டு விசாரிக்கக் கூடிய விஷயங்களில் சிவில் கோர்ட்டுகள் தலையிடக் கூடாதென்று 39ஆவது பிரிவு வேறு தடை போடுகிறது.

நுகர்வோர் கமிஷனுக்கும் இத்தடை பொருந்தும் என்று நாளைக்கு ஒரு வக்கீல் எழுந்து வாதிப்பார். நம் அபிப்பிராயத்தில் அது பொருந்தாது. கமிஷன் சிவில் கோர்ட்டு அன்று. தவிரவும், அது தரும் பரிகாரம் வேறு சட்டங்களின் பரிகாரங்களோடு கூடுதலானது என்று நுகர்வோர் சட்டத்தின் 100ஆவது பிரிவு கூறுகிறது. மேலும், போர்டு விசாரிப்பது அபராதத்தை. கமிஷன் விசாரிப்பது நஷ்ட ஈட்டை.

ஆகவே பாலிஸிதாரர் செய்ய வேண்டியது என்ன? முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் கேளுங்கள்: என்னுடைய எந்தெந்த விவரம் போயிற்று, என்று போயிற்று, அதற்கு என்ன செய்தீர்கள்? பதில் வந்தாலும் வராவிட்டாலும் கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். மோசக்காரரிடமிருந்து டெலிபோன் வந்தால், நாளையும் நேரத்தையும் எண்ணையும் குறித்து வையுங்கள். பணம் போயிருந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’விலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். இவையெல்லாம் பிற்பாடு சாட்சியங்களாகும். பிறகு உங்கள் ஜில்லா நுகர்வோர் கமிஷனை அணுகலாம். கம்பெனி எங்கேயிருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க உரிமை உண்டு. கொடுத்த பிரீமியம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் கெடு இரண்டு வருஷமே. 2024 செப்டம்பரில் விஷயம் அறிந்தவருக்கு 2026 செப்டம்பரோடு அது முடிகிறது. அதற்குமேல் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும்.

தனித்தனியே அலைவதைவிட ஒன்றுகூடிப் போவது மேல். ஒரே குறையுள்ள பலருக்காகச் சிலர், கமிஷனின் அனுமதி பெற்று வழக்காடலாம் என்று 35ஆவது பிரிவு இடந்தருகிறது. தனியாக வரும் ஏழையைக் கம்பெனியின் வக்கீல்கள் வாய்தா வாங்கியே களைக்க வைப்பார்கள். ஆயிரம் பேர் சேர்ந்து வந்தால் அது எளிதன்று.

நஷ்ட ஈடு கொடுத்தால் கம்பெனிகள் நொடித்துவிடும், பிரீமியம் உயரும் என்று சொல்வோர் உண்டு. 250 கோடி அபராதம் மட்டும் வேறு எங்கிருந்து வரும்? அதுவும் பாலிஸிதாரருடைய பிரீமியத்திலிருந்தே வரும். அவர் பணத்தையே எடுத்து, அவர் பட்ட துன்பத்தின் பெயரால், சர்க்கார் கஜானாவில் கட்டுவது என்ன நியாயம்?

அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் கொண்ட சுப்ரீம் கோர்ட்டு 2017 ஆகஸ்டு 24ஆம் தேதி ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. உரிமையை ஒப்புக்கொண்டு பரிகாரத்தை மறுப்பது, இலையைப் போட்டுச் சோற்றை மறுப்பது போலாகும். போர்டு வசூலிக்கும் அபராதத்தில் ஒரு பாகத்தையாவது இழந்தவருக்குச் சேர்ப்பிக்கும்படியும், 43-ஏ பிரிவில் இருந்த நஷ்ட ஈட்டு உரிமையைப் புதிய சட்டத்திலேயே சேர்க்கும்படியும் பார்லிமெண்ட் திருத்தம் செய்ய வேண்டும். நம் பிரதிநிதிகள் அதை அங்கே கேட்க வேண்டும். அவர்களைக் கேட்க வைப்பது வோட்டர்களின் பொறுப்பு. பாலிஸிதாரர் கம்பெனியிடம் உண்மையை மறைக்கவில்லை. அந்த நேர்மைக்கு அவரைச் சர்க்கார் தண்டியாதிருக்க வேண்டும்.