காஷ்மியர் ஸ்வெட்டரின் கதகதப்பு

குளிர்காலத்தில் டில்லியிலோ ஸ்ரீநகரிலோ உள்ள பெரிய துணிக்கடைகளில் இருவகைக் கம்பளி ஸ்வெட்டர்களைக் காணலாம். ஒன்று செம்மறியாட்டுக் கம்பளியால் ஆனது. தடிமனும் கனமும் உடையது. மற்றொன்று மிக மெல்லியது. கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஆனால் முன்னதைவிடப் பல மடங்கு விலை கூடியது. காஷ்மியர் என்று உலகெங்கும் வழங்கப்படுவது இதுவே. நம் நாட்டில் இதன் உயர்ந்த வகைக்குப் பஷ்மினா என்று பெயர். இவ்வளவு மெல்லிய ஆடை குளிரைத் தாங்குவது எப்படி? இதற்கு ஏன் இத்தனை விலை? அன்றாடம் அணிந்தால் உழைக்குமா?

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கம்பளி தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. ஒரு பனிக்கட்டியைக் கம்பளியில் சுற்றி வைத்தால் அது விரைவில் உருகாமல் இருப்பதைப் பார்க்கலாம். கம்பளியே சூடு தருவதானால் பனிக்கட்டி உடனே உருகிவிடும் அல்லவா? வெப்பத்தை உண்டாக்குவது நம் உடல். அது வெளியேறாமல் தடுப்பதே ஆடையின் வேலை.

அந்த வேலையையும் உண்மையில் செய்வது காற்றுதான். அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கு மேல் கடத்துகிறது. ஆனால் காற்று அசையத் தொடங்கினால் வெப்பத்தைத் தன்னோடு வாரிச் சென்றுவிடும். ஆகவே காற்றை நகரவிடாமல் பிடித்து வைக்க வேண்டும். இதற்கு இழைகள் நுண்மையாக இருப்பது நல்லது. ஒரே எடையுள்ள கம்பளியில் இழையின் குறுக்களவு பாதியானால், இழைகளின் மொத்த நீளம் நான்கு மடங்காகிறது. அவற்றின் மேற்பரப்பு இரு மடங்காகிறது. காற்றைத் தடுத்து நிறுத்தும் பரப்பு கூடிவிடுகிறது. ஆடையின் எடை கூடுவதில்லை.

நுண்மையால் மற்றொரு நன்மையும் உண்டு. இழையின் விறைப்பு அதன் குறுக்களவின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 30 மைக்ரான் இழையைவிட 15 மைக்ரான் இழை பதினாறு மடங்கு எளிதில் வளையும். (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்.) தடித்த இழையின் நுனி தோலில் ஊன்றி உறுத்துகிறது, மெல்லிய இழையின் நுனியோ தோலில் பட்டதும் வளைந்து கொடுக்கிறது. காஷ்மியர் உடம்பில் அரிக்காமல் இருப்பதன் இரகசியம் இதுவே.

ஆட்டின் இரண்டு போர்வைகள்

இந்த இழை செம்மறியாட்டினுடையது அன்று, வெள்ளாட்டினுடையது. லடாக்கின் கிழக்கே, கடல் மட்டத்திற்கு 4,000 மீட்டருக்கு மேல், சாங்தாங் என்ற பீடபூமி இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழே 30 டிகிரிக்கும் இறங்கும். சாங்பா என்னும் நாடோடி மேய்ப்பர்கள் அங்கே ஆடுகளை வளர்க்கின்றனர்.

இந்த ஆட்டின் உடலில் இருவகை மயிர் உண்டு. வெளியே நீண்ட முரட்டு மயிர் பனியையும் காற்றையும் தடுக்கிறது. அதன் அடியில் 12 முதல் 14 மைக்ரான் அளவே உள்ள மென்மயிர் அடர்ந்து வளர்கிறது. நம் தலைமயிர் இதைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு தடிமன்! குளிர் தாக்கிய பிறகுதான் இந்த அடிமயிர் வளரத் தொடங்குகிறது என்று எண்ணிவிடக் கூடாது. கோடையின் நடுவில் பகல் நேரம் குறையத் தொடங்கியதுமே ஆட்டின் உடல் அதை உணர்ந்து, வரப்போகும் குளிருக்கு ஆயத்தமாகிறது. வசந்தகாலம் வந்ததும் இந்த மயிர் தானே கழன்றுவிடும். அப்போது மேய்ப்பர்கள் நீண்ட பற்களுள்ள சீப்பால் அதை வாரி எடுக்கின்றனர்.

ஓர் ஆட்டிலிருந்து ஆண்டிற்குக் கிடைப்பது சில நூறு கிராம் மட்டுமே. அதிலுள்ள முரட்டு மயிரையும் அழுக்கையும் நீக்கினால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஒரு ஸ்வெட்டருக்கு மூன்று நான்கு ஆடுகளின் ஓராண்டு விளைச்சல் தேவைப்படுகிறது. விலை ஏன் உயர்ந்தது என்பது இப்போது விளங்கும்.

அரசர்களும் இந்த ஆட்டின் அருமையை அறிந்திருந்தனர். 1846ஆம் ஆண்டின் அமிர்தசரஸ் உடன்படிக்கையின்படி, ஜம்மு அரசர் குலாப் சிங் ஆங்கிலேயருக்கு ஆண்டுதோறும் ஒரு குதிரையும், பன்னிரண்டு சால்வை ஆடுகளும், மூன்று இணைக் காஷ்மீர் சால்வைகளும் செலுத்த வேண்டியிருந்தது.

மலிவு விலையின் மறுபக்கம்

இன்று உலகில் மிகுதியாகக் காஷ்மியர் தரும் நாடு சீனா, அடுத்தது மங்கோலியா. ஒரு காலத்தில் செல்வர்கள் மட்டுமே அணிந்த ஆடை அன்றாட உடையாக மாறியபோது, ஆடுகளின் எண்ணிக்கையும் பெருகியது. 1990இல் மங்கோலியாவில் சுமார் 50 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. 2018இல் அவை இரண்டரைக் கோடியைத் தாண்டிவிட்டன. ஆனால் புல்வெளி அதற்கேற்ப விரிவடையவில்லை. வெள்ளாடு புல்லை அடியோடு ஒட்ட மேயக்கூடியது. கோடையில் வறட்சியும் அதைத் தொடர்ந்து கடும் பனியும் வந்தால், மேய்ந்து தேய்ந்த நிலத்தில் ஆடுகளுக்கு உண்ண எதுவும் இராது. 2009-10 குளிர்காலத்தில் அந்நாட்டில் 80 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் மடிந்தன. சாங்தாங்கிலும் 2013இன் தொடக்கத்தில் பெய்த பெரும்பனியால் தீவனம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கான ஆடுகள் இறந்தன. மந்தையை இழந்த மேய்ப்பனுக்கு வேறு பிழைப்பு அங்கே எளிதில் கிட்டாது.

வாங்குவோரும் அணிவோரும் அறிய வேண்டியவை

மென்மையான எல்லாம் காஷ்மியர் ஆகிவிடாது. செம்மறிக் கம்பளியும் செயற்கை இழையும் கலந்து விற்பதும் உண்டு. இழைகளை நுண்ணோக்கியில் பார்த்தால் வேறுபாடு தெரியும். கம்பளி இழையின் மேல் மீன் செதில்போன்ற அடுக்குகள் இருக்கின்றன. காஷ்மியரில் இவற்றின் விளிம்பு மெல்லியது. ஒன்றுக்கொன்று இடைவெளியும் அதிகம். பஷ்மினாவை இனங்கண்டு முத்திரையிட 2019இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரத்தை வெளியிட்டது.

இந்தச் செதில்களே சலவையில் தொல்லையும் தருகின்றன. வெந்நீரில் இட்டுக் கசக்கினால் செதில்கள் ஒன்றையொன்று கொக்கிபோல் பற்றிக்கொள்கின்றன. பிறகு பிரிவதில்லை; ஸ்வெட்டர் சுருங்கிக் கெட்டியாகிவிடுகிறது. மேலும் இழை கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. காரமான சோப்பு இப்புரதத்தின் கந்தகப் பிணைப்புகளைத் தாக்குகிறது. கறை நீக்குவதற்காகச் சில சலவைத்தூள்களில் சேர்க்கப்படும் நொதிகள் புரதத்தையே அரித்துவிடும்.

ஆகவே வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பைக் கரைத்து, கசக்காமல் அமுக்கித் துவைக்க வேண்டும். முறுக்கிப் பிழியாமல், ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் நீரின் பாரம் தாங்காமல் ஆடை நீண்டுவிடும். நிழலில் தட்டையாக விரித்தே உலர்த்துங்கள்.

கைக்கு அடியிலும் பக்கங்களிலும் சிறு உருண்டைகள் திரளக்கூடும். குட்டையான இழைகள் உராய்வால் வெளியே வந்து பின்னிக்கொள்வதே காரணம், மெல்ல நீக்கிவிடலாம். தொடர்ந்து நாள்தோறும் அணியாமல் ஒருநாள் விட்டு அணிந்தால் வளைந்த இழைகள் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் கிடைக்கும். கோடைக்காக எடுத்து வைக்குமுன் துவைப்பது மிக அவசியம். கம்பளியைத் தின்பது பறக்கும் அந்து அன்று, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த இடத்தையே அது நாடும். துவைத்து நன்கு உலர்த்தி, இறுக மூடிய பையில் வைத்தால் அந்துக்கு இடமிராது.

இப்படிப் பேணினால் ஒரு ஸ்வெட்டர் பல ஆண்டுகள் உழைக்கும். இரண்டு குளிர்காலத்திற்கு ஒன்று என மலிவாக வாங்கி எறிவதைவிட, நல்லதாக ஒன்றை வாங்கிப் பல குளிர்காலம் அணிவது நம் பணப்பைக்கும் நல்லது. சாங்தாங்கின் புல்வெளிக்கும் நல்லது.