தோலணுக்களைப் பிரிக்கும் நொதிகள்

மனிதனின் மேல்தோலிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்த்த உயிரணுக்களை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தால், பல கோணங்களையுடைய அவை, தளத்தில் பாவிய கற்களைப் போல இடைவெளியின்றி ஒன்றையொன்று ஒட்டிக் கிடப்பதைக் காணலாம். இந்த ஒட்டுறவுக்கு ஆதாரமான புரதங்களுட் பல, கால்சியம் இல்லாவிடில் பிடி தளரும் சுபாவமுடையவை. ஆகவே அணுக்களைப் பிரிக்க விரும்புவோர், கால்சியத்தைக் கவர்ந்துகொள்ளும் ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனத்தோடு, 1876-இல் ஜெர்மானியரான கியூனே பெயரிட்டதும், நம் கணையத்தில் சுரந்து உண்ட புரதத்தைச் சீரணிப்பதுமான டிரிப்சின் என்னும் நொதியைக் கலந்து, 37 பாகை வெப்பத்தில் அவற்றின்மேல் ஊற்றுகிறார்கள்.

அதன்பின் சில நிமிஷங்களில் நிகழ்வதே பார்க்கத்தக்கது. முதலில் அணுக்களுக்கிடையே மெல்லிய சந்துகள் தோன்றுகின்றன, விளிம்புகள் உள்வாங்குகின்றன, இழை போன்ற சில பற்றுகளால் மட்டும் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்த அணு, அவையும் அறுந்தவுடன் உருண்டு திரண்டு, ஒளிவளையம் சூழப் பிரகாசித்து, பாத்திரத்தை லேசாகத் தட்டிய மாத்திரத்தில் மிதக்கத் தொடங்குகிறது. ஆனால் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்களை அடுத்துப் புரதச் சங்கிலியைத் துண்டிக்கும் அந்நொதிக்கு, ஒட்டுகின்ற புரதம் எது, வேறு பணி செய்யும் புரதம் எது என்ற பேதம் தெரியாது. காலம் கடந்தால் அணுவின் மேலுறை கொப்புளித்து உடைகிறது; உள்ளிருந்த டி.என்.ஏ. பசையாகக் கசிந்து, பிரிந்தவற்றையே மறுபடியும் கட்டியாகப் பிணைத்துவிடுகிறது. டிரிப்பான் நீலம் என்ற சாயத்தை இட்டால், செத்தவை நீலமேறி நிற்க, உயிருள்ளவை நிறமின்றி விலகித் தெரியும். எனவே தக்க தருணத்தில், டிரிப்சினை அடக்கவல்ல பொருள்களையுடைய இரத்தச் சீரத்தைச் சேர்த்து அதன் வேலையை நிறுத்த வேண்டும். அத்தருணத்தைக் கடிகாரத்தைவிடப் பழகிய கண்ணே நன்றாக அறியும் என்பது என் அபிப்பிராயம்.

அமெரிக்க விஞ்ஞானிகளான ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் இவ்வாறு பிரித்த மனிதத் தோலணுக்களைத் தொடர்ந்து வளர்க்கும் முறையை 1975-இல் வெளியிட்டார்கள். ஆயினும் தீயில் வெந்த தேகத்தைப் போர்த்தத் தனித்தனி அணுக்கள் போதா. முழுத் தாளாகத் தோல் வேண்டும். அதற்கு உதவியது, ஒருவகைப் பாக்டீரியத்திலிருந்து கிடைக்கும் டிஸ்பேஸ் என்ற மற்றொரு நொதி. அணுக்களின் பரஸ்பரப் பிணைப்பைக் கலைக்காமல், தட்டோடு உள்ள பிடிப்பை மட்டும் அது அறுப்பதால், வளர்ந்த தோலைச் சிதையாத தாளாக உரித்தெடுக்க முடியும் என்று கிரீன் குழுவினர் 1979-இல் காட்டினர். 1983-இல் தேகத்தில் 95 சதவிகிதத்துக்கு மேல் வெந்துபோன இரு சிறுவர்கள், தங்கள் சொந்தத் தோலின் சிறு துண்டிலிருந்து வளர்த்த அத்தகைய தாள்களால் பாஸ்டன் நகரில் சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தார்கள்.