பழைய கூரையை உடைக்கும் முன்பு...

தீபாவளி நெருங்கினால் பினாங்கில் பழைய வீடுகள் பலவற்றில் பழுதுபார்க்கும் வேலை தொடங்கிவிடும். சமையற்கட்டின் மேல் இருக்கும் சாம்பல் நிற நெளிவுக் கூரை ஒழுகுகிறது. குத்தகையாளர் இரண்டு ஆட்களை அனுப்புகிறார். அவர்கள் மேலே ஏறி, சுத்தியலால் தட்டி உடைத்துத் துண்டுகளைக் கீழே தள்ளுகிறார்கள். மாலையில் வீட்டம்மா துடைப்பத்தை எடுத்துத் தூளைக் கூட்டுகிறார். பிள்ளைகள் பக்கத்திலேயே விளையாடுகிறார்கள். யாருக்கும் ஓர் இருமல்கூட வரவில்லை. அதனால் யாரும் பயப்படவும் இல்லை.

அந்தக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்டால் ஆனதாக இருந்தால், அன்று அந்த வீட்டில் நடந்தது பெரிய தவறு.

ஆஸ்பெஸ்டாஸைத் தமிழில் கல்நார் என்பார்கள். பொருத்தமான பெயர்தான். மண்ணிலிருந்து வெட்டியெடுக்கும் கனிமம் அது. ஆனால் நார் நாராகப் பிரியும். தீயில் எரியாது, துருப்பிடிக்காது, விலையும் மலிவு. கூரை, சீலிங் பலகை, தண்ணீர்க் குழாய், வாகன பிரேக் என்று அது நுழையாத இடமில்லை. தகரக் கூரையின் வெக்கையிலும் மழைச் சத்தத்திலும் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கூரை ஒரு வசதியாகவே தெரிந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கூரை உடையாமல் கிடக்கும்வரை நார்கள் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கும். உடைத்தாலோ, அறுத்தாலோ, துளை போட்டாலோ அவை வெளியே பறக்கும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் அவை. கண்ணுக்குத் தெரியாது, மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடும். உள்ளே வரும் தூசியை விழுங்கி அழிக்க உடலில் காவல் அணுக்கள் உண்டு. ஆனால் நீண்ட கல்நார் இழையை அவற்றால் விழுங்க முடியாது. முயன்று தோற்று அவையே மடிகின்றன. இழை அங்கேயே தங்கி, சுற்றிலும் புண்ணையும் தழும்பையும் உண்டாக்குகிறது.

நுரையீரல் இறுகி மூச்சுத் திணறுவது ஆஸ்பெஸ்டோசிஸ். நுரையீரல் புற்றுநோயும் வரலாம். புகைபிடிப்பவருக்கு அந்த ஆபத்து பல மடங்கு பெருகும். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோய்க்குப் பெரும்பாலும் கல்நாரே காரணம். கல்நாரின் எல்லா வகைகளுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியுள்ளது. வேலையிடக் கல்நாரால் உலகில் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது.

இந்த நோய்கள் உடனே வருவதில்லை. 20, 30, சில வேளைகளில் 40 ஆண்டுகள் கழித்துத்தான் வரும். இருபது வயதில் கூரை உடைத்தவருக்கு அறுபது வயதில் மூச்சு முட்டும்போது, பழைய கூரையா நினைவுக்கு வரும்?

ஆலையில் வேலை செய்தால்தான் ஆபத்து என்பதும் இல்லை. 1965இல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், கல்நார் ஆலைப் பக்கமே போகாத பெண்கள் சிலருக்கும் மீசோதீலியோமா வந்திருந்தது தெரியவந்தது. கணவர் போட்டுவந்த வேலை உடுப்பை உதறித் துவைத்ததுதான் அவர்கள் செய்த வேலை.

சிங்கப்பூர் 1989இலேயே கட்டடங்களில் கல்நார் பயன்பாட்டைத் தடை செய்தது. மலேசியாவில் 1999இல் வந்த ஆணை நீலக் கல்நாரைத் தடுத்தது; கூரைகளில் அதிகம் கலக்கப்படும் வெள்ளைக் கல்நாரைத் தொடவில்லை. முழுத் தடை வேண்டுமென்று பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலமாகக் குரல் கொடுத்து வருகிறது. தடை போடுவது அத்தனை சுலபமா என்றால், இலங்கையைப் பார்க்கலாம். 2018 ஜனவரியில் கல்நார் இறக்குமதியை நிறுத்த அங்கே முடிவாகியிருந்தது. 2017 டிசம்பரில், சரக்கில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. கல்நாரை அதிகம் விற்கும் நாடும் அதுவே. இலங்கை தன் தடையைத் தள்ளிவைத்தது. தேயிலைக்கும் வழி திறந்தது. அந்த வண்டு நல்ல நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறது!

சரி, வீட்டில் பழைய கூரை இருந்தால்? பதற வேண்டாம். விரிசல் இல்லாமல் நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். ஆணி அடிப்பது, தேய்ப்பது, பாசி போக வேகமாக நீர் பாய்ச்சிக் கழுவுவது கூடாது. பார்வைக்கு மட்டும் கல்நார் என்று உறுதி சொல்ல முடியாது, ஆய்வுக்கூடத்தில்தான் தெரியும். சந்தேகம் என்றால் கல்நார் என்றே வைத்துக்கொள்வது நல்லது. அகற்றியே ஆகவேண்டுமானால் அனுபவமுள்ளவர்களிடம் கொடுக்க வேண்டும். தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் முழுத் தகடாகக் கழற்றி, தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி இறக்குவதே முறை. துணி முகமூடி இதற்குப் போதாது. கல்நார்த் தூளும் நாரும் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு. குப்பைத் தொட்டியிலோ ஆற்றோரத்திலோ கொட்டக் கூடாது.

கட்டுமானம், கப்பல் பழுதுபார்ப்பு, பிரேக் வேலை போன்றவற்றில் இருந்தவர்கள், எத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தாலும் மருத்துவரிடம் அந்தப் பழைய வேலையைச் சொல்ல வேண்டும். கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும் மீசோதீலியோமாவும் சொக்சோ சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் உள்ளன. இழப்பீடு கேட்கும்போது எங்கே, எப்போது வேலை செய்தார் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல், கல்நார்த் தொழிலாளரின் உடல்நலக் குறிப்புகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்கும்படி ஆலைகளுக்கு உத்தரவிட்டது இதனால்தான். பழைய வேலைக் கடிதத்தையும் சம்பளச் சீட்டையும் தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போது தூக்கி எறிந்துவிடாதீர்கள்.