ஒரு "கே"யா? இரண்டு "கே"யா? கள்ளக்குறிச்சியில் இங்கிலீஷ் எழுத்து படுத்தும் பாடு!

கள்ளக்குறிச்சி என்று தமிழில் எழுத யாருக்கும் தயக்கம் இல்லை. இங்கிலீஷில் எழுதும்போதுதான் வம்பு வருகிறது. நடுவில் ஒரு "கே" போதுமா, இரண்டு வேண்டுமா? ஒன்று போட்டால் வெளியூர்க்காரர் "கள்ளகுறிச்சி" என்று படிப்பார். இரண்டு "எல்" போட்டால் "ள்ள"வா, "ல்ல"வா? அது அவரவர் நாக்கைப் பொறுத்தது! அரசாங்கம் ஒரு "கே"யோடு நிறுத்திக்கொண்டது.

பக்கத்து விழுப்புரத்தின் கதை இன்னும் மோசம். "ழ" இங்கிலீஷில் கிடையாது. ரெயில் நிலையப் பலகையில் இரண்டு "எல்", ஒரு "பி". மாவட்ட நிர்வாகத்தின் இணையதளத்திலோ ஒரு "எல்", இரண்டு "பி"!

கல்வராயன் மலையைப் பேச்சில் "கல்ராயன்" என்பார்கள். வெள்ளைக்காரன் அதையே எழுதி வைத்துவிட்டான் போலும். பழைய ரிக்கார்டுகளில் "வ" இல்லை.

"எச்" தகராறு

கவிதா என்ற பெயருக்கு நம்மூரில் "டி"க்குப் பின்னால் "எச்" போடுவது வழக்கம். "எச் போடலேன்னா கவிடா ஆயிடுமே!" என்பார்கள். வடக்கே "எச்" போட்டால் அது மூச்சு விட்டுச் சொல்லும் வேறு எழுத்து. அதனால் அவர்கள் போடுவதில்லை.

இங்கிலீஷ்காரர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே! "கலர்" என்ற சொல்லில் லண்டன்காரர் போடும் "யு"வை அமெரிக்கர் போடமாட்டார். 1828-ல் வந்த நோவா வெப்ஸ்டரின் அகராதிதான் அந்த வழக்கத்தை அங்கே ஊன்றியது.

வந்த வேகத்தில் வாபஸ்

தமிழ் ஓசைப்படியே இங்கிலீஷில் எழுதவேண்டும் என்று 2020-ல் தமிழக அரசு 1,018 ஊர்களின் எழுத்தை மாற்றியது. ஜூன் மாதம் உத்தரவு வெளியே வந்ததும் ஒரே கேலி! வேலூருக்கு இரண்டு "ஈ" போட்டிருந்தார்கள். படித்தால் "வீலூர்"! ஜூன் 18-ந் தேதியே வாபஸ் ஆனது.

ஊர் பெயரில் சிரித்துவிட்டுப் போகலாம். ஆள் பெயரில் முடியாது. கம்ப்யூட்டருக்கு ஓசை தெரியாது, எழுத்துதான் தெரியும். பள்ளிச் சான்றிதழில் "எச்" இருந்து ஆதாரில் இல்லையென்றால் பாஸ்போர்ட் மனு தடுமாறும். போதாக்குறைக்கு இந்தப் பகுதி 1993 வரை தென்னாற்காடு, பிறகு விழுப்புரம், 2019-ல் தனி மாவட்டம். தாத்தா, அப்பா, பேரன் மூவரும் ஒரே வீட்டில் பிறந்திருந்தாலும் காகிதத்தில் மூன்று மாவட்டம்!

எழுத்தைத் திருத்த முடியாவிட்டால் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு கொடுக்கவேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு, அலைச்சலும் உண்டு. பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலைப் பள்ளியில் காட்டும்போதே, பெற்றோர் ஆதார் அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்ப்பது நல்லது.